பூசணிக்காய்க்குள் எத்தனை காசு?

எங்கள் ஜேர்மனித் தமிழ்ச் சங்க மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர்கள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் முதுகு தேய்ந்தவர்கள் எல்லாம் அதில் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தாறு. மலரைத் தொகுக்கும் சுகந்தி அக்கா என்னிடம் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

"அக்கா, எனக்குப் பென்ஷன் வர இன்னும் முப்பத்தொரு வருசம் கிடக்கு."

"நீர் வேலையை விட்டிட்டீர்தானே?"

"ஓம்."

"அப்ப ஓய்வுதான். ஒக்ரோபர் மலருக்கு எழுதும். ஹலோவீன் வருது, சனத்துக்குப் பிரயோசனமா எழுதும். அவுஸ்பில்டுங் செய்த கதையை நீட்டிப் பக்கத்தை நிரப்பாதையும்."

நீட்டவில்லை. சட்டம் படிக்கத் தொடங்கினேன், பாதியில் பொறுமை போய்விட்டது, தொழிற்பயிற்சியாகிய அந்த அவுஸ்பில்டுங்கை மியூனிக்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் செய்தேன், பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு வருடம். பயிற்சிக் காலம் பற்றி இவ்வளவு போதும்.

நான் இருந்தது பொறுப்புக் காப்புறுதிப் பிரிவு. உங்களால் தனக்குச் சேதம் வந்துவிட்டது என்று ஒருவர் கடிதம் எழுதினால், அந்தக் கடிதம் என் மேசைக்கு வரும். அவர் சொல்வது சரியென்றால் உங்களுக்காக நிறுவனம் கொடுக்கும். சரியில்லை என்றால் உங்களுக்காக மறுத்து எழுதும், தேவைப்பட்டால் நீதிமன்றம் வரைக்கும் போகும். எங்கள் ஆட்கள் பலருக்கு இதில் முதற்பாதிதான் தெரியும்.

எங்களுக்கு வருடத்தில் இரண்டு முறை தபால் கொழுக்கும். ஒன்று முதற்பனி விழுந்த பிறகு. மற்றது நவம்பர் இரண்டாம் திகதி. காரணம் இலேசானது. ஹலோவீன் வரும்போது, கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிக் கனநாள் ஆகியிருக்காது. ஐந்து மணி தாண்டினால் இருட்டு, நிலமெல்லாம் ஈர இலை. அந்த இருட்டுக்குள் கறுத்த உடுப்போடு பிள்ளைகள் இனிப்புக் கேட்டு வீடு வீடாக ஓடுவார்கள். வீட்டுக்காரர் முற்றத்துக்குக் குறுக்கே வயர் இழுத்து விளக்குப் போட்டிருப்பார். கார்க்காரருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். மறுநாள் பவேரியாவில் விடுமுறை என்பதால் ஒருவரும் வாசலைக் கூட்ட மாட்டார்கள். விழவேண்டியவர் விழுவார், எழுதவேண்டியவர் எழுதுவார், நாங்கள் இரண்டாம் திகதி காலை கத்தியால் உறைகளைக் கிழிப்போம்.

எங்கள் பிரிவுத் தலைவி ஃபிராவ் லெக்னர், நம் வழக்கில் திருமதி லெக்னர். அவர் கோப்பு வாசிக்கிற விதத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. கதிரையில் இருக்க மாட்டார். யன்னலோரத்துச் சூடாக்கியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கத்துக்கு வாசிப்பார். முடிவை முதலில் பார்த்துவிட்டு, அதற்குக் காரணம் உள்ளே இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடிக்கொண்டு போவார். கையில் தோல் சீவாத கரட் ஒன்று இருக்கும், மதியச் சாப்பாடு அதுதான். வாசித்துக்கொண்டே கடிப்பார். ஏதாவது ஒரு வரியில் சுட்டுவிரல் நிற்கும். கடிக்கிற சத்தமும் நிற்கும். பிறகு ஒரே கேள்வி.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குரல் உயராது. கிண்டலும் இராது. பதில் வரும்வரை விரலை எடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

அந்த விரலை நான் முதலில் சந்தித்தது ஒரு புகை இயந்திரத்தால். ஒருவர் ஹலோவீனுக்காக வாசலில் புகை கக்குகிற இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார். பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு தகப்பன் அதன் மின்கம்பியில் கால் தடக்கி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். "முற்றத்தில் வெளிச்சம் போதவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். விரல் நின்றது.

"விழுந்தவர் தன் கடிதத்தில் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

"விழுந்தவர்கள் எப்போதும் இருட்டில்தான் விழுவார்கள்" என்றார் ஃபிராவ் லெக்னர். "போய்ப் பாருங்கள். அதே நேரத்துக்குப் போங்கள்."

ஆறு மணிக்குப் போய் நின்றேன். படலைக்கு நேரே வீதி விளக்கு. அந்த வெளிச்சத்தில் பேப்பர் வாசிக்கலாம். பிழை வேறிடத்தில் இருந்தது. கம்பியின் நிறம் பச்சை, அது கிடந்ததோ புல்லில். பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. விழுந்தவரும் சும்மா ஆள் இல்லை. கல் பதித்த பாதை இருக்க, அவசரத்தில் புல்லுக்குக் குறுக்கே நடந்திருக்கிறார். ஆகவே ஒரு பங்கு வீட்டுக்காரர் மேல், ஒரு பங்கு அவர் மேல். இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களே, ஒன்றை மனதில் வைத்திருங்கள். வாசலில் விளக்கேற்றிப் பூசணி வைத்தால், ஊர்ப் பிள்ளைகளை வாருங்கள் என்று கூப்பிடுகிறீர்கள் என்றுதான் பொருள். கூப்பிட்டால் படலையிலிருந்து அழைப்பு மணி வரைக்குமான பாதை உங்கள் பொறுப்பு. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைக் கூட்டுகிற கடமையையும் அநேகமான நகரசபைகள் உங்கள் தலையில்தான் வைத்திருக்கின்றன.

நடுவில் ஒரு வருடம் வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தமிழ்ப் பெயர் கண்டால் தொலைபேசியை என்னிடம் தள்ளிவிடுவார்கள். ஒரு ஹலோவீனுக்கு அடுத்த கிழமை ரஞ்சன் அண்ணை என்றொருவர் எடுத்தார். வேலை முடிந்து வரும்போது, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து சூனியக்காரி வேடம் போட்ட சிறுமி ஒருத்தி குறுக்கே ஓடியிருக்கிறாள். இவர் பிறேக் அடித்தும் மெல்ல முட்டிவிட்டது. பிள்ளைக்குக் கையில் வெடிப்பு, மூக்குக் கண்ணாடி தூள்.

"தங்கச்சி, கறுத்த உடுப்பு. முகத்திலயும் கறுப்பு மை. நான் என்னெண்டு காணுறது? பிள்ளையைப் பாக்காமல் விட்ட தாய் தேப்பன்தானே குடுக்கோணும்?"

"அண்ணை, பிள்ளைக்கு ஒன்பது வயசு."

"அதுக்கு?"

"பத்து வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை வாகனத்தோட மோதினால், வேணுமெண்டு செய்யாத வரைக்கும், பிள்ளையின்ர பிழையைச் சட்டம் கணக்கிலேயே எடுக்காது. உங்கட காப்புறுதிதான் குடுக்கும்."

"நான் முப்பதிலதான் வந்தனான்!"

"நல்லது. அதைப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. இது வேற."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தப் பிள்ளை இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாய்ஞ்சிருக்கலாம்."

"அண்ணை, இதை நான் எழுதேல்ல."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் ஓட்டுகிறவர்கள் இதைச் சிரிப்போடு விட்டுவிடக் கூடாது. அன்று மாலை குடியிருப்பு வீதியில் முப்பது என்று பலகை சொன்னாலும் முப்பது கூடுதல்தான். ஒரு பிள்ளை குறுக்கே போனால் இரண்டாவது பின்னால் வருகிறது என்று காலைப் பிறேக்கில் வைத்திருங்கள். இனிப்புப் பையோடு ஓடுகிற கூட்டம் தனித்தனியாக ஓடாது.

வாகனப் பிரிவிலிருந்து பழைய மேசைக்குத் திரும்பிய பிறகு, என் ஏழாவது வருடத்தில், பூசணிக்காய் வந்தது.

கோப்பில் மூன்று பொருட்கள் இருந்தன. முதலாவது, எங்கள் வாடிக்கையாளர் நிரப்பிய சம்பவப் படிவம். பெயர் பிரபு, தமிழ்நாட்டுக்காரர், கணினிப் பொறியியலாளர். மியூனிக்கின் புறநகர் ஒன்றில், வீதி மூலையில் புதிதாக வீடு வாங்கியவர். திருத்தமான ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தார்: "ஹலோவீன் மாலையில் அடையாளம் தெரியாத இளைஞர்கள் என் வீட்டு மூலையில், நடைபாதையில் பூசணிக்காயைப் போட்டு உடைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் ஒரு பெண் வழுக்கி விழுந்திருக்கிறார்."

இரண்டாவது, வழியில் போன ஒருவர் எடுத்துக் கொடுத்த புகைப்படம். நடைபாதை முழுக்கச் செம்மஞ்சள் துண்டுகள், அவற்றின் மேல் சிவப்பு. "ஹலோவீன் ரத்தம்" என்றார் பக்கத்து மேசைக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு. கடைகளில் போத்தலில் விற்பார்கள்.

மூன்றாவது, விழுந்தவரின் கடிதம். ஃபிராவ் கோவாச் என்ற அந்தப் பெண், இரண்டு தெரு தள்ளி உடுப்புத் திருத்தித் தைக்கிற சிறிய கடை வைத்திருப்பவர். தனி ஆள். கடையைப் பூட்டிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு நடந்தபோது வழுக்கியிருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கடிதம் முழுவதும் இடது கையால் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு, முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல. "குளிர்காலக் கோட்டுகள் இருபதுக்கு மேல் கம்பியில் தொங்குகின்றன. ஆட்கள் வந்து, தைக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் கை திரும்பும்வரை கடை திறந்திருக்குமா என்று தெரியவில்லை."

எனக்கு வேகம் பெருமை. சட்டம் தெளிவாக இருந்தது. யாரோ தெரியாதவர்கள் ஒரு குப்பையைப் போட்டுவிட்டுப் போய், வீட்டுக்காரருக்கு அதைக் காணவே நேரம் கிடைக்கவில்லை என்றால், அவர் மேல் பொறுப்பு இல்லை. ஒருவரும் நாள் முழுக்கத் தன் நடைபாதையைக் காவல் காக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் மறுப்புக் கடிதத்தை எழுதி முடித்தேன். மரியாதையான, ஓட்டையில்லாத கடிதம். விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம் என்று கடைசியில் ஒரு வரியும் போட்டேன்.

அச்சடித்துக் கையெழுத்து வைக்கப் போகும்போதுதான் அவருடைய கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இரண்டு வரி கிடந்தன.

"விழுந்த இடத்தில் பூசணித் துண்டுக்குள் இரண்டு நாணயங்கள் இருந்தன. ஒன்று இருபது சென்ட், மற்றதில் எனக்குத் தெரியாத எழுத்து. பூசணிக்காய்க்குள் யார் காசு வைப்பார்கள்?"

புகைப்படத்தைத் திரும்ப எடுத்தேன். இம்முறை பார்த்தேன். ஹலோவீன் பூசணிக்கு முகம் இருக்கும், கண்ணும் பல்லும் வெட்டியிருப்பார்கள். இந்தத் துண்டுகளில் ஒரு கண்ணும் இல்லை. பெரிய துண்டு ஒன்றின் உச்சியில் சதுரமாகச் சின்னத் துவாரம், அதன் விளிம்பில் தீ எரிந்த கரி. கற்பூரம். சிவப்பு, ரத்தம் போல வழியவில்லை, பொடிப் பொடியாகக் குழைந்து கிடந்தது. குங்குமம். ஓர் ஓரத்தில் பாதி எலுமிச்சம்பழம்.

வீடு புதிது. கண்ணூறு, அதாவது திருஷ்டி, கழித்துப் பூசணி உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர் பிரபு.

அந்த மாடியில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயை மூடினால் மறுப்புக் கடிதம் போகும், பிரபுவுக்கு ஒன்றும் நேராது, தையற்கடை மூடப்படும். நான் வாயைத் திறந்தால், பொய் எழுதியவர் என்று அவருடைய காப்பே போகலாம். வாடிக்கையாளர் தெரிந்துகொண்டு பொய் சொன்னால் நிறுவனம் விலகிக்கொள்ள வழி இருக்கிறது. விலகினால் அவர் தன் கையாலேயே எல்லாம் கட்டவேண்டும். வீட்டுக் கடன் எடுத்து ஒரு மாதம் ஆகாத மனிதர்.

தொலைபேசியை எடுத்தேன். ஜேர்மன் மொழியில் பெயரைச் சொன்னேன். மறுபக்கம் குரல் மாறியது.

"சிவகுமாரனா? மேடம், நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓ, ஸ்ரீலங்காவா! ரொம்ப சந்தோஷம் மேடம். நம்ம ஆளுங்க அங்க இருக்கீங்கன்னு..."

"பிரபு, முதல் ஒண்டு சொல்லுறன். நான் இப்ப நிறுவனத்தின்ர ஆளாத்தான் கதைக்கிறன். நீங்கள் சொல்லுறதை நான் கோப்பில எழுதுவன்."

"எழுதுங்க மேடம், நோ ப்ராப்ளம். ஃபார்ம்லயே எல்லாம் போட்டுட்டேனே. ஹலோவீன் டே, பசங்க யாரோ வந்து உடைச்சுட்டுப் போயிட்டாங்க. நெய்பர் கூட அதான் சொன்னார்."

"பூசணிக்காய்க்குள்ள எத்தினை காசு போட்டனீங்கள்?"

பின்னால் குக்கர் விசிலடித்தது. ஒன்று, இரண்டு. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"மூணு" என்றார் பிரபு. பிறகு, "மேடம், கட் பண்ணிடாதீங்க."

"இல்லை. சொல்லுங்கோ."

"அன்னிக்குத்தான் சாவி கைக்கு வந்துச்சு. பால் காய்ச்சினோம். அஞ்சு மணிக்கு நான்தான் சுத்தி, மூலையில கொண்டுபோய் உடைச்சேன். ரெண்டு ரோடு சேர்ற இடம் பாருங்க, அதான். உடைச்சா திரும்பிப் பார்க்கக் கூடாது மேடம். நேரா உள்ள போய்க் கால் கழுவணும். அதான் பண்ணேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு வைஃப் போய்க் கிளீன் பண்றதாத்தான் பேச்சு. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. கதவைத் திறந்தா இருபது குழந்தைங்க, எலும்புக்கூடு, பேய்னு. சாக்லேட் தீர்ந்துபோய் லட்டு குடுத்துட்டு இருந்தோம். சுத்தமா மறந்துட்டோம்."

"ஏன் பொய் எழுதினீங்கள்?"

"சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போட்டிருக்கேன். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு..." நிறுத்தினார். "ஆம்புலன்ஸ் வந்தப்போ ஜன்னல்ல நின்னு பார்த்தேன் மேடம். கீழ இறங்கிப் போகல. அந்தம்மா கை எப்படி இருக்கு?"

சொன்னேன். கோட்டுகளைப் பற்றியும் சொன்னேன்.

"பிரபு, கேளுங்கோ. நீங்கள் விடுற பிழைக்காகத்தான் இந்தக் காப்புறுதி இருக்கு. கவனமில்லாமல் ஒண்டு நடந்தால் உங்களுக்காக நாங்கள் குடுப்பம். அதுக்குத்தான் வருசா வருசம் கட்டுறியள். நீங்கள் பிழையை மறைச்சுப் பொய்யைத் தந்திருக்கிறியள். பொய்க்குத்தான் காப்பு இல்லை."

"ஐயோ. தலைகீழா பண்ணிட்டேனா?"

"ஓம்."

"இப்ப என்ன பண்றது?"

"இண்டைக்கே எழுத்தில திருத்தி அனுப்புங்கோ. நடந்தது மட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"நீங்க கேட்டதையும் எழுதவா?"

"எழுதுங்கோ."

அன்று மாலையே அவருடைய கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். கோப்புக் குறிப்பில், "வாடிக்கையாளர் தன் வாக்குமூலத்தைத் தானாகவே திருத்திக்கொண்டார்" என்று போட்டேன். தானாகத் திருத்தினால் காப்பு நிற்கும், பிடிபட்ட பிறகு திருத்தினால் நிற்பது சந்தேகம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை அவருக்காகத்தான் போட்டேன். நம்ம ஆள் என்று நினைத்தேனோ, அந்தக் குக்கர் விசிலோ, தெரியாது.

மறுநாள் ஃபிராவ் லெக்னர் சூடாக்கியில் சாய்ந்து பின்பக்கத்திலிருந்து வாசித்தார். பிரபுவின் திருத்தக் கடிதம் தாண்டியது. என் குறிப்பு. விரல் நின்றது. கரட்டும் நின்றது.

"'தானாகவே.' இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டேன்."

"என்ன கேள்வி?"

"பூசணிக்காய்க்குள் எத்தனை காசு போட்டீர்கள் என்று."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணூறு, குங்குமம், கற்பூரம், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவது எல்லாவற்றையும் சொல்லி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் குறுக்கிட்டார்: "உடைத்தவர் பார்க்கக் கூடாது. மற்றவர் பார்க்கலாமா?" பார்க்கலாம் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

"அப்படியென்றால் இவர் தானாகத் திருத்தவில்லை. நீங்கள் பிடித்தீர்கள்."

"ஓம்."

"ஃபிராவ் கோவாச்சின் கடிதத்தில் எத்தனை நாணயம்?"

"இரண்டு."

"இவர் எத்தனை என்றார்?"

"மூன்று."

கோப்பை முதற்பக்கம் வரைக்கும் புரட்டினார். திரும்பவும் கடைசிக்கு வந்தார். சூடாக்கி சத்தம் போட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன், அந்தச் சொல்லால் இரண்டு பேருடைய வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு.

"எங்களிடம் இருந்தது இரண்டு" என்றார் ஃபிராவ் லெக்னர். "மூன்றாவதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் 'என்ன காசு?' என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் இந்தக் கோப்பில் நிரூபிக்க எதுவுமே இல்லை. அவர் எங்களிடம் இல்லாததைத் தந்திருக்கிறார். நாங்கள் முடிவெடுக்கும் முன்பு தந்திருக்கிறார். எங்களுக்கு ஒரு நட்டமும் வரவில்லை."

மேசைக்குப் போய், 'தானாகவே' என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். மேலே சிறிய எழுத்தில் எழுதினார்: "கேட்டபோது, எமது கோப்பில் இல்லாத விபரத்தையும் சேர்த்துச் சொன்னார்." காப்பு நின்றது. அந்தக் கோப்பை அதன்பின் என்னிடம் தரவில்லை, அவரே முடித்தார். ஃபிராவ் கோவாச்சுக்கு மூடியிருந்த மாதங்களின் வருமானம், வலிக்கான ஈடு, மருத்துவச் செலவில் மிஞ்சியது எல்லாம் போனது. பொலிஸ் வழக்கு ஒன்றும் வரவில்லை. பிரபுவின் குடியுரிமை விண்ணப்பம் தன் பாட்டில் தன் வேகத்தில், அதாவது வேகமே இல்லாமல், ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் இருபது நிமிடத்தில் எழுதிய மறுப்புக் கடிதத்தை ஃபிராவ் லெக்னர் கிழிக்கவில்லை. என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை ஐந்து வருடம் லாச்சியில் வைத்திருந்தேன். கடைசி நாள் பெட்டி கட்டும்போது வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கடைசி நாள் பற்றியும் ஒரு சொல். எங்கள் பிரிவில் இப்போது படங்களை ஒரு மென்பொருள் வாசிக்கிறது. ஃபிராவ் லெக்னரும் போய்விட்டார், அவர் மெய்யான பென்ஷனில். நான் வெளிக்கிடும் முன்பு ஆசைக்கு அந்தப் பழைய படத்தையும் முதற்படிவத்தையும், பெயரெல்லாம் நீக்கி, அதற்குக் காட்டினேன். ஒரு நொடியில் பதில் வந்தது: ஹலோவீன் அலங்காரம், செயற்கை ரத்தம், அடையாளம் தெரியாத மூன்றாம் ஆட்கள், பொறுப்பை மறுக்கப் பரிந்துரை. பக்கத்தில் இருந்த புதுப் பிள்ளை "சரிதானே?" என்று கேட்டாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே முடிவுக்குத்தான் வந்தேன், இருபது நிமிடம் எடுத்து. கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பு என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து சட்டப் படிப்பைத் தொடங்க இப்போது பதிந்திருக்கிறேன். சுகந்தி அக்காவின் கணக்கில் இதுதான் என் ஓய்வு.

பிரயோசனமாக எழுதச் சொன்னாரல்லவா. புது வீடு, புதுக் கார் என்று இந்த மாதம் பூசணியோ தேங்காயோ உடைக்கப் போகிறவர்களுக்கு: உங்கள் முற்றத்துக்குள், ஒரு சாக்கு விரித்து, அதன் மேல் உடையுங்கள். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாதென்றால், பார்க்கவென்று இன்னொருவரைத் தும்புத்தடியோடு வாசலில் நிறுத்துங்கள். அவர் பிள்ளைகளுக்கு லட்டுக் கொடுக்கப் போகக் கூடாது. அதையும் மீறி ஒருவர் விழுந்துவிட்டால், கீழே இறங்கிப் போங்கள். அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காப்புறுதிக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

பிரபு அடுத்த வேனிற்காலத்தில் ஒரு தடவை எடுத்தார். ஃபிராவ் கோவாச்சின் கை தேறி, கடை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனைவியோடு போய் மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா முதலில் கையிலிருந்த கோட்டைத் தைத்து முடித்தாராம். பிறகு, நிற்கிறீர்களே, ஏதாவது தைக்க இருக்கிறதா என்று கேட்டாராம். இப்போது மனைவியின் இரவிக்கைகள் எல்லாம் அங்கேதான் போகின்றன.

"பட்டன் போட்டு வைக்கிற கண்ணாடி ஜார்ல அந்த ஒரு ரூபாய்க் காசைப் போட்டு வச்சிருக்காங்க மேடம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதை எதுக்குப் பூசணிக்காய்ல வைப்பீங்க, அதிர்ஷ்டமான்னு கேட்டாங்க."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எடுத்தவங்களுக்குத்தான் திருஷ்டி ஒட்டிக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க. அதை எப்படி மேடம் அந்தம்மாகிட்டச் சொல்றது? ஆமாங்க, ரொம்ப அதிர்ஷ்டம்னு சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இதுவும் பொய்தானே. திருத்தணுமா?"

"கோப்பு மூடியாச்சு, பிரபு" என்றேன்.